அரசும் சமயமும் – ஓர் ஆணையின் மூன்றாம் பத்தி

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். மன்னர்களின் போர்களையும் மாளிகைகளையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். நம் மக்களின் வாழ்வையும் பிள்ளைகளின் உரிமையையும் இன்றளவும் கட்டியாளுகின்ற ஒரு சிறு பத்தியின் வரலாற்றை எழுதுவோர் சிலரே. ஆதலின் அதனையே பொருளாகக் கொண்டோம். 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவரால் பிறப்பிக்கப்பெற்ற பட்டியல் வகுப்பினர் ஆணையின் மூன்றாம் பத்தியே அது. இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைக் கைக்கொண்ட எவரும் பட்டியல் வகுப்பினராகக் கருதப்படார் என்பது அப்பத்தியின் சாரம்.

ஓர் அரசு தன் குடிகளின் சமயத்தில் எவ்வளவு தலையிடலாம், ஒரு சமயத்தைச் சார்ந்து நிற்கலாமா என்னும் வினா உலகில் பழமையானது. அவ்வினாவின் ஒளியில் இப்பத்தியை நோக்குவோமாக.

மேலை நாட்டின் மதிற்சுவர்

திருச்சபையும் அரசும் வெவ்வேறாய் நிற்றல் வேண்டும் என்னும் கொள்கை அமெரிக்க நாட்டில் உருப்பெற்ற விதம் அறியத்தக்கது. விர்ஜீனியாவில் ஆங்கிலத் திருச்சபையே அரசுத் திருச்சபையாக விளங்கிற்று. அதனைச் சாராதவரும் அதன் குருமார்க்கு வரி செலுத்தினர். உரிமம் பெறாது போதித்த பாப்டிஸ்டுச் சபையினர் சிறைப்பட்டனர். இக்கொடுமையைக் கண்டு வளர்ந்த மாடிசனும் ஜெஃபர்சனும் உழைத்ததன் பயனாக 1786இல் விர்ஜீனியாவில் சமயச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் எந்தச் சமயத்தையும் அரசு நிலைநாட்டலாகாது எனத் தடை விதித்தது. 1802இல் டான்பரி நகரத்துப் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய மடலில், அரசுக்கும் திருச்சபைக்கும் இடையே எழுப்பப்பட்ட மதில் என்று ஜெஃபர்சன் இதனை உருவகித்தார்.

இம்மதிலை வேண்டி நின்றோர் சமய நம்பிக்கை அற்றவர் மட்டுமல்லர். அரசின் ஆதரவு பெறாத சிறு சபையினரே அதனை முன்னின்று வேண்டினர். அரசு ஒரு சமயத்தின் தோளில் கைபோட்டு நின்றால், மற்றச் சமயத்தான் தன் வீட்டிலேயே அயலானாகிறான் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

கும்பெனியார் கண்ட இரட்டை வழி

நம் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்ததோ வேறு. கும்பெனி அரசு ஒரே வேளையில் இரு சமயங்களைப் புரந்தது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின் வழியே கல்கத்தாவில் ஆங்கிலத் திருச்சபைப் பேராயர் பதவி உண்டாயிற்று. 1835இல் சென்னைக்கும் பேராயர் வந்தார். அவர்தம் ஊதியம் இந்நாட்டு வருவாயினின்றே தரப்பட்டது. மறுபுறம், 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், மசூதி, சத்திரம் ஆகியவற்றின் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. கலெக்டர்கள் கோயில் நிலங்களைக் குத்தகைக்கு விட்டனர். திருவிழாக்கள் நடைபெற ஆவன செய்தனர். திருப்பதிக் கோயிலின் வருவாயும் கும்பெனியின் கருவூலத்திற்குச் சென்றது.

கிறித்தவ சமயப் பணியாளரும் அதிகாரிகள் சிலரும் இதனை எதிர்த்தனர். 1833இல் இலண்டனிலிருந்த இயக்குநர் அவை, கோயில் அலுவல்களிலிருந்து அரசு விலக வேண்டும் என ஆணையிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலம் தன் அரசுத் திருச்சபை முறையைக் கைவிட்டதும் அதே 1833இல்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இலண்டன் ஆணை இங்கு உடனே நிறைவேறவில்லை. படைவீரர்கள் கோயில் விழாக்களில் மரியாதை செலுத்தும் வழக்கத்தை ஏற்க மனமின்றிச் சென்னைப் படைத் தலைவர் மெயிட்லண்டு 1838இல் பதவி துறந்தார். 1843இல் திருப்பதி நிருவாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைக்கப்பட்டது. இறுதியாக, 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் கோயில் அறக்கட்டளைகளிலிருந்து அரசை விலக்கியது. பேராயர்க்கு ஊதியம் கொடுப்பது மட்டும் நின்றபாடில்லை. ஆங்கிலத் திருச்சபையினின்று இந்தியத் திருச்சபை சட்டப்படி பிரிந்தது 1930இல்தான்.

அரசு கோயிலினின்று விலகியதால் நம் முன்னோர்க்கு விளைந்த நன்மை யாது? ஒன்றுமில்லை என்றே கூறல் வேண்டும். விலகிய அரசு, கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவன் முறையிட்ட போது வழக்கத்தின் பக்கமே நின்றது. கமுதிக் கோயிலில் நுழைய உரிமை வேண்டிய நாடார் மக்களின் வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்கட்கு எதிராகவே முடிந்தது. அவர்களுக்கே அந்நிலை எனில், சேரிக்குள் அடைக்கப்பட்டிருந்த நம் மக்களின் நிலை சொல்லாமலே விளங்கும்.

பின்னர் மாறுதல் வந்தது. 1925இல் நீதிக்கட்சி ஆட்சி இந்து சமய அறநிலையச் சட்டத்தைக் கொணர்ந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் முன்னிற்க, கக்கன் உள்ளிட்ட நம்மவர் நுழைந்தனர். அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசத்திற்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறந்தது. 1947இல் அதனினும் விரிவான சட்டம் நிறைவேறியது.

இவ்வரலாறு நமக்கு ஒரு பாகுபாட்டைக் கற்பிக்கிறது. அநீதியை அகற்ற அரசு சமயத்துள் நுழைதல் ஒன்று. ஒரு சமயத்தாருக்குச் சலுகை காட்டி மற்றவரை ஒதுக்குதல் வேறொன்று. முன்னது இல்லாதிருந்தால் கோயிற்கதவு நமக்குத் திறந்திராது. பின்னது இருக்கும்வரை சமத்துவம் நிறைவுறாது. அமெரிக்க மதிலை அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் நமக்குப் பொருந்தாது. ஆயினும் அம்மதிலின் உட்பொருளாகிய பாரபட்சமின்மை நமக்கு இன்றியமையாதது.

1850ஆம் ஆண்டின் சட்டம்

இந்நிலையில், பலராலும் மறக்கப்பட்ட ஒரு சட்டத்தை நினைவூட்டுவோம். சமயம் மாறினாலும் சாதியினின்று விலக்கப்பட்டாலும் ஒருவன் தன் சொத்துரிமையை இழக்கமாட்டான் என 1850ஆம் ஆண்டின் இருபத்தோராம் சட்டம் கூறிற்று. சாதி வழி இயலாமைகளை நீக்கும் சட்டம் என்று பெயர் பெற்ற அதனை எதிர்த்துக் கல்கத்தாவிலும் சென்னையிலும் மனுக்கள் எழுந்தன. எனினும் சட்டம் நிலைத்தது. 1858இல் விக்டோரியா அரசியார் வெளியிட்ட பிரகடனமும், சமயத்தின் பொருட்டு எவரும் சலுகை பெறவோ இடர்ப்படவோ கூடாது என்று உரைத்தது.

மனச்சான்றின்படி நடப்பதற்கு ஒருவன் தன் உரிமையை விலையாகக் கொடுக்கலாகாது என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. அயலார் ஆட்சியில் எழுந்த அந்நெறி, சரியாக நூறாண்டுகள் கழித்து, நம் சொந்த ஆட்சியில் எழுதப்பட்ட மூன்றாம் பத்தியில் இடம் பெறாமற்போனது வியப்புக்கும் வருத்தத்திற்கும் உரியது. நிலமும் வீடும் உடையவனின் உரிமையை 1850 காத்தது. உடைமை ஏதுமின்றி அரசு தரும் ஒதுக்கீட்டையே உடைமையாகப் பெற்றவனின் உரிமையை 1950 காக்கவில்லை.

பத்தி பிறந்த கதை

பூனா ஒப்பந்தம் 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24இல் கையெழுத்தாயிற்று. அதன்படி 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் நம் மக்கட்குத் தனித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 30 நமக்குரியவை. எந்தெந்தச் சாதியினர் இதற்கு உரியர் என்று காட்ட 1936இல் ஓர் ஆணை வெளியாயிற்று. இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் வகுப்பினராகார் என்ற விலக்கு அவ்வாணையில்தான் முதலில் தோன்றியது. அதற்கு அன்று ஒரு காரணமும் கூற இயலும். அதே சட்டத்தின்கீழ் இந்தியக் கிறித்தவர்க்குத் தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. சென்னையில் மட்டும் அவை 8. ஒருவர் இரு வாயில்களில் நுழைதல் ஆகாது என்பது அன்றைய ஏற்பாடு.

விடுதலைக்குப் பின் தனி வாக்காளர் தொகுதி முறை ஒழிந்தது. விலக்கின் காரணம் மறைந்தது. விலக்கு மட்டும் மறையவில்லை. அது மேலும் விரிந்து, இந்து அல்லாதார் அனைவரையும் தழுவிற்று. பஞ்சாப் பகுதியைச் சேர்ந்த ராம்தாசி, கபீர்பந்தி, மசபி, சிக்லிகர் எனும் நான்கு சீக்கிய வகுப்பினர்க்கு மட்டும் விதிவிலக்குத் தரப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த காலத்திலேயே இவ்வாணை வெளிவந்தது என்பதையும் மறைக்காது குறிப்பிடுதல் வரலாற்று நேர்மை.

அரசியலமைப்பின் 341ஆம் பிரிவில் சாதிகள், இனங்கள், பழங்குடிகள் என்ற சொற்களே உள்ளன. சமயம் என்ற சொல் இல்லை. 25ஆம் பிரிவு மனச்சான்றுரிமையையும் விரும்பிய சமயத்தைத் தழுவும் உரிமையையும் அளிக்கிறது. சமயத்தை மட்டுமே காரணமாக்கி அரசு வேற்றுமை பாராட்டலாகாது என 15ஆம் பிரிவு தடுக்கிறது. முற்றிலும் அரசுப் பணத்தில் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமய போதனை கூடாது என 28ஆம் பிரிவு விதிக்கிறது. அரசியலமைப்பு இவ்வாறு பேச, அதன்கீழ் எழுந்த ஆணை வேறு விதமாகப் பேசுகிறது.

ஒருமுறை வெளியான பட்டியலைப் பாராளுமன்றச் சட்டத்தாலன்றி மாற்றவியலாது. 1956இல் சீக்கியர் அனைவர்க்கும் பத்தி திறந்துவிடப்பட்டது. அதே 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் பல்லாயிரவரோடு பௌத்தம் தழுவினார். அவர் வழிச் சென்றோர்க்கு மத்திய அரசின் பட்டியல் உரிமை மறுக்கப்பட்டது. பௌத்தரான ஒருவர் தனித் தொகுதியில் பெற்ற வெற்றி செல்லாது என உச்ச நீதிமன்றம் 1960களில் தீர்ப்பளித்தது. தம்மைப் பின்பற்றியதற்காகத் தம் மக்கள் முப்பத்து நான்கு ஆண்டுகள் உரிமையிழந்து நிற்பர் என்பது அண்ணலின் நூற்றாண்டு நெருங்கிய வேளையில்தான் நாட்டின் மனத்தை உறுத்தியது போலும்! 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். பழங்குடியினர் பட்டியலிலோ இத்தகைய சமயத் தடை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நீதிமன்றத்தின் வாயிலில்

சென்னை மாநகரில் சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்து வாழ்ந்தவர் சூசை என்பார். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்க்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடைகள் வழங்கிய போது, இந்துக்களாக இருந்தோர்க்கே அவை கிடைத்தன. ஒரே தொழில், ஒரே சாதி, ஒரே தெருப்புழுதி. சமயம் மட்டும் வேறு. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அவர் மனு தள்ளுபடியாயிற்று. மதம் மாறிய பின்னும் அதே சாதி நீடிக்கிறது என்று காட்டினால் போதாது. அச்சாதியால் விளையும் இழிவுகளும் இடர்களும் புதிய சமயத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று மெய்ப்பித்தல் வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

இனி மற்றொரு தீர்ப்பு வரிசையை நோக்குக. கிறித்தவராகிப் பின் இந்து சமயத்திற்குத் திரும்பிய ஆதிதிராவிடர் ஒருவர், கோலார் தங்கவயல் பகுதியில் தனித் தொகுதியில் போட்டியிட்டு வென்றார். தம் சாதியினரால் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவர் பட்டியல் வகுப்பினரே என 1970களில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கிறித்தவப் பெற்றோர்க்குப் பிறந்து இந்து சமயம் தழுவியவரும் பெற்றோரின் பழைய சாதிக்குள் வரவியலும் என மற்றொரு தீர்ப்பு கூறியது.

இங்கு ஒரு வினா எழுகிறது. சமயம் மாறியவுடன் சாதி மாய்ந்துவிடும் எனில், திரும்பி வந்தவுடன் அது எங்ஙனம் உயிர்த்தெழும்? மாய்ந்தது உயிர்த்தெழுமாயின், அது மாயவேயில்லை. உறங்கிற்று என்பதே பொருள். தலைமுறை கடந்தும் ஊரார் ஒருவனது சாதியை அறிந்திருக்கிறார்கள், அவனை மீண்டும் அதற்குள் ஏற்கிறார்கள் எனில், இடைப்பட்ட காலத்திலும் அவர்கள் அதனை மறந்திருக்கவில்லை என்பது தெளிவு. ஊர் மறக்காததைச் சட்டம் மட்டும் மறந்ததாகப் பாவிக்கிறது.

கிறித்தவத்தில் சாதி இல்லை என்பர். வேதநூலில் இல்லை, ஊரில் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் நம்மவரின் புதைகுழிகளைப் பிரித்து நின்ற சுவரைத் தமிழ்நாடு அறியும். இறந்தோர்க்கே சுவர் எனில், உயிரோடிருப்போர்க்கு இடையே சுவர் இல்லை என்று எவ்வாறு உரைப்பது?

இழப்பு எத்தகையது

பள்ளி நிருவாகத்தில் இருப்போர் என்ற முறையில் இதன் விளைவை நாம் அருகிருந்து காண்கிறோம். சேர்க்கைப் பதிவேட்டில் சமயத்திற்கு ஒரு கட்டம், சாதிக்கு ஒரு கட்டம். முதற்கட்டத்தில் எழுதப்படும் சொல் இரண்டாவது கட்டத்தின் பயனைத் தீர்மானிக்கிறது. உடன்பிறந்தார் இருவருள் அண்ணன் மாரியம்மன் கோயிலுக்கும் தம்பி மாதா கோயிலுக்கும் செல்வராயின், அவர்தம் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அமர்ந்தும் அரசின் கணக்கில் இருவேறு வகுப்பினராகின்றனர்.

தமிழ்நாடு அரசு, கிறித்தவரான ஆதிதிராவிடரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளது. கல்விச் சலுகைகள் சிலவற்றையும் நல்கிவருகிறது. இதனை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். ஆயினும் மாநிலத்தில் பட்டியல் வகுப்பினர்க்குரிய 18 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலோ, மத்திய அரசுப் பணிகளில் அவர்க்குரிய இடங்களிலோ, தனித் தொகுதிகளிலோ அவர்கட்குப் பங்கில்லை. இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் வகுப்பினரையே காக்கிறது. சேரியில் தீ வைப்பவன் எவர் வீட்டில் சிலுவை உள்ளது என்று பார்த்து வைப்பதில்லை. வழக்குப் பதியும் போது மட்டும் சட்டம் அதனைப் பார்க்கிறது.

நம்முள் எழும் ஐயம்

நம்மவரிடையே வேறொரு அச்சம் நிலவுவதையும் நாம் அறிவோம். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்ந்தால் இருக்கின்ற பங்கு குறையுமே, மிஷன் பள்ளிகளில் முன்பே கற்றோர் நம் பிள்ளைகளை முந்திவிடுவரே என்பர். இவ்வச்சத்தை இகழ்வது முறையன்று. அரைவயிற்றுக் கஞ்சியில் பங்கு கேட்கும் போது எவர்க்கும் மனம் துணுக்குறும். ஒதுக்கீட்டின் மொத்த அளவு பொதுவாக 50 விழுக்காட்டைக் கடத்தலாகாது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பும் இவ்வச்சத்திற்கு வலுவூட்டுகிறது.

ஆயினும் இருவகை விடை உண்டு. மக்கள் எண்ணிக்கையை ஒட்டியே நம் ஒதுக்கீட்டின் அளவு கணிக்கப்படுகிறது. புதியோரைச் சேர்க்கும் போது அவர்தம் எண்ணிக்கைக்கேற்ப அளவையும் உயர்த்துக என்று இரு சாராரும் ஒருமித்துக் கேட்பதே நேரிய வழி. மற்றொன்று, சீக்கியர் வந்த போதும் பௌத்தர் வந்த போதும் எழாத தடை, இவ்விரு சமயத்தார்க்கு மட்டும் எழுவதேன்? இந்நாட்டில் தோன்றிய சமயம், அயல்நாட்டில் தோன்றிய சமயம் எனப் பிரித்து, முன்னதற்கு அரசின் அங்கீகாரமும் பின்னதற்கு அபராதமும் விதிப்பதாக அன்றோ இது முடிகிறது? ஓர் அரசு ஒரு சமயத்தைப் போற்றிக் கல்வெட்டில் பொறித்தால்தான் சார்பு என்பதில்லை. ஒரு சமயத்தை விட்டு நீங்கியவனின் உரிமையைப் பறித்தாலும் அது சார்பே.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கிவிடலாம் எனப் பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அதனை ஏற்காது மாற்றுக் குறிப்பு எழுதினார். 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இப்பொருள் குறித்து மனுக்கள் தாக்கலாயின. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு மற்றோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில், கிறித்தவரான ஆதிதிராவிடர்க்கும் பட்டியல் உரிமை வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் இயற்றியது. ஆணையங்கள் வந்தன, சென்றன, பத்தி நிற்கிறது.

முடிவாகச் சில சொற்கள்

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இரட்டைமலை சீனிவாசனார் சமய மாற்றத்தை வேண்டாது சமூக உரிமையையே வேண்டினார். எம். சி. ராஜா வேறொரு வழி நடந்தார். அண்ணல் அம்பேத்கர் நீண்ட ஆய்வுக்குப் பின் புத்தரைச் சரணடைந்தார். மிஷன் பள்ளியின் திண்ணையில் எழுத்தறிந்த எண்ணற்றோர் கிறித்துவை ஏற்றனர். வழிகள் பலவாயினும் அனைவரும் நீங்க விரும்பியது ஒரே இழிவினை. அவ்விழிவினின்று விடுபட ஒருவன் தேர்ந்த வழியைப் பார்த்து அவனுக்கு உதவுவதா வேண்டாவா என முடிவு செய்தல் அரசின் வேலையன்று. இழிவு தொடர்கிறதா என்று பார்ப்பதே அரசின் வேலை.

இளைஞர்கட்கு நாம் கூற விரும்புவது இதுவே. அரசியலமைப்பின் 15, 17, 25, 341 ஆகிய பிரிவுகளைத் தமிழில் எழுத்தெண்ணிப் படியுங்கள். 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியையும் அவற்றோடு ஒப்பிட்டுப் படியுங்கள். உங்கள் தெருவில் கோயிலுக்குச் செல்வோரும் தேவாலயத்திற்குச் செல்வோரும் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் ஒரே பலகையில் அமர்ந்து அதனைப் பற்றி வாதிடுங்கள். பட்டியலுக்குள் இருப்போர் வெளியே நிற்போர்க்காகக் குரல் கொடுத்தால் அது வலிமையுடைய குரலாகும். வெளியே நிற்போர் தாமே தமக்காகக் கேட்பது பல்லாண்டுகளாகச் செவியில் ஏறவில்லை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் ஆற்றவேண்டிய பணிகளுள் இதுவும் ஒன்றாகுக.